கயிற்றுப் பாட்டு

தூங்கிடுடா, தூங்கிடுடா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அம்சவேணி யுகனின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலேயே எழுப்பி, ரயிலில் கண் சொக்கியபோதெல்லாம் கன்னத்தை நிமிண்டி, ஜன்னலுக்கு வெளியே மாட்டைக் காட்டி, மரத்தைக் காட்டி, ஒரு பொட்டுத் தூக்கம் விடாமல் கூட்டிவந்த பிள்ளை. அப்படித்தான் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தூங்கினால்தான் காது டெஸ்ட். தலையில் ஒயரை ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுத்து, அது உள்ளே போய்ச் சேர்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்களாம். பிள்ளை அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததும்தான் அவனுக்குத் தூக்கமெல்லாம் ஓடிப்போய்விட்டது. தூக்கத்துக்குக் கொடுத்த மருந்தையும் துப்பிவிட்டான். அது அவள் ரவிக்கையில் ரோஸ் நிறத்தில் காய்ந்து பிசுபிசுத்தது. டெஸ்ட் எடுக்கிற பெனிட்டா மேடம் கதவிடுக்கில் தலையை நீட்டி, “தூங்கலையாம்மா இன்னும்? மதியத்தோட ரூமை மூடிடுவோம். அப்புறம் அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய் நேரமாகிறது. அடுத்த மாதம் எப்படி வர முடியும்? இந்தத் தடவை வந்ததற்கே வீட்டில் அத்தனை பேச்சு. பாடினால் தூங்கிவிடுவான். நாலு வரிகூட வேண்டாம், ரெண்டு வரியிலேயே இமை இறங்கிவிடும். ஆனால் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற வராந்தாவில் எப்படி வாயைத் திறப்பது, அதுவும் அந்தப் பாட்டை? எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மும்தாஜ் என்கிற அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலாஜாவிலிருந்து வந்தவள். அவள் மகளுக்குக் காதுக்குப் பின்னால் வட்டமாக மிஷின் வைத்திருந்தது, அதைச் சரிபார்க்க வந்திருக்கிறாள். “இன்னாம்மே, தட்டினே இருக்க? தட்டுறதுக்கு அவன் இன்னா சப்பாத்தியா? வாயத் தொறந்து ஒரு பாட்டுப் பாடு, தூங்கிடுவான்.” அம்சவேணி சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டாவதில் வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் குனிந்துகொண்டாள், டீச்சர் புத்தகத்தைப் பிடுங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அதோடு படிப்பு போதும் என்று அப்பா சொன்னபோது வருத்தத்தைவிட அப்பாடா என்றுதான் இருந்தது. இனிமேல் யாரும் எழுந்து நின்று வாசி என்று சொல்லமாட்டார்கள்.

முன்பு வேலைபார்த்த கம்பெனியிலும் அதற்காகத்தான் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, பேசவே வேண்டாம். கார் கதவுக்குள் போகிற ஒயர்களைப் பலகையில் வரிசையாக மாட்டி, டேப் சுற்றி, பக்கத்து ஆளுக்குத் தள்ளவேண்டும். அடுத்த ஷெட்டில் தகடு அடிக்கிற மிஷின். நாள் முழுக்க டமார் டமார் என்று தரையே குதிக்கும், பல்லுக்குள் கூசும். அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது என்பது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது. வயிற்றில் இவன் இருக்கும்போதும் அங்கேதானே நின்றாள். சின்னச் சின்னக் காது அப்போதுதான் உள்ளே முளைத்திருக்கும். அந்த டமார் டமார் அதைப் போய் என்ன செய்திருக்கும்? நர்ஸம்மாவிடம் கேட்டதற்கு அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றாள். ஆகாது என்று சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். பாட்டை நினை. அந்த இரைச்சலில் ஒரே ஒரு அழகு அந்தப் பாட்டுத்தான். ஆட்கள் வரிசையாக நின்று வேலைசெய்கிற ஒவ்வொரு லைனுக்கும் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். வேலையில் ஏதாவது தப்பு தெரிந்தால் அதை இழுக்கவேண்டும். இழுத்தால் ஒரு பாட்டு வரும். வார்த்தை கிடையாது, பியானோ மாதிரி மெட்டு மட்டும். இந்த லைனுக்கு இந்த மெட்டு, அந்த லைனுக்கு அந்த மெட்டு. மெட்டை வைத்தே எங்கே தப்பு என்று தெரிந்துகொண்டு சூப்பர்வைசர் ஓடிவருவார். மற்ற லைனுக்கெல்லாம் ஐஸ்வண்டி மணி மாதிரி ஏதோ ஒன்று. அவளுடைய லைனுக்கு மட்டும் அந்த மெட்டு, மேலே ஏறி ஏறிப் போய், இதோ அழப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று சிரித்துவிடுகிற மாதிரி இறங்கும். கூட வேலைசெய்த பெண்களுக்கு அது வந்தாலே எரிச்சல். “போச்சுடி, எவளோ இழுத்துட்டா, டார்கெட்டு காலி.” அம்சவேணிக்கு மட்டும் யாராவது இழுக்கமாட்டார்களா என்றிருக்கும். தானாக இழுக்கத்தான் பயம். இழுத்தால் லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்குமே. ஒரே ஒரு தடவை இழுத்தாள். பச்சை ஒயரின் முனை நசுங்கியிருந்தது. கை தானாகப் போய் இழுத்துவிட்டது. மெட்டு எழும்பியது, எல்லாத் தலையும் திரும்பியது, செத்தோம் என்று நின்றாள். ஜப்பானிலிருந்து வேலை சொல்லித்தர வந்திருந்த மத்சுனாகா சார், நரைத்த தலை, ஒல்லி உடம்பு, ஓடிவந்தவர் ஒயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடுப்பை மடக்கிக் குனிந்து கும்பிட்டார். தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர்கள் ஊரில் நன்றி சொல்வதுதான் வழக்கமாம். வீட்டில் இவள், புள்ளை கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான் என்று முதல்முதலாகச் சொன்னபோது நன்றியா சொன்னார்கள்? “உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றுதானே அத்தை கேட்டாள்.

யுகன் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தான். மெல்ல விடுவித்தாள். கண் நன்றாக விழித்திருந்தது, கருகருவென்று, வராந்தாவில் போகிற வருகிற எல்லாவற்றையும் அது பிடித்துப் பிடித்து விழுங்கியது. கம்பெனி ஆண்டுவிழாவில் மத்சுனாகா சார் மைக்கைப் பிடித்தபோதுதான் அந்த மெட்டுக்கு வார்த்தை உண்டு என்றே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுப்பாட்டையும் பாடினார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, மேலே போகிற இடத்தில் உடைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்கிற பையனைப் பிடித்து இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எண்பதுகளில் ரிட்சுகோ என்று ஒரு பெண், அவளே எழுதி, அவளே பியானோ வாசித்து, அவளே பாடுவாளாம், சாருடைய வாலிப வயதில் ஜப்பான் முழுக்க அவள் பாட்டுத்தானாம் என்றான் அவன். “சரி, பாட்டுல இன்னா வருது?” “கடலோர ரோட்டுல சாயங்காலம் கார்ல போறாங்க.” “அப்புறம்?” “அவ்ளோதான். போறாங்க.” “அடப்பாவி, கார்ல போறதுக்கா இந்த அழுகை! அப்ப நம்ம ஷேர் ஆட்டோவுக்கு எவ்ளோ அழுவணும்!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்சவேணியும் சிரித்தாள். ஆனாலும் கூட யாரோ இருந்திருக்கிறார்கள் அந்தக் காரில், இப்போது இல்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டபிறகு மெட்டு மட்டும் கூடவே வந்தது. இவனைப் பெற்று அம்மா வீட்டில் இருந்தபோது, மெட்டை முனகினால் போன் பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று தங்கை சொன்னாள். போனிடம் முனகக்கூட வெட்கமாயிருந்தது. போர்வைக்குள் போய் முனகினாள். கொடுத்துவிட்டது! பூச்சி பூச்சியாய் எழுத்து, பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், தோளில் பஞ்சு வைத்துத் தூக்கிய கோட்டு, கழுத்தளவு முடி, யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி ஒரு பார்வை. அன்றிலிருந்து மதிய நேரங்களில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்த ரிட்சுகோவின் பாட்டுகளாகக் கேட்டாள். பெயர் வாசிக்கத் தெரியாது, அவளே பெயர் வைத்தாள். இது மழைப் பாட்டு, நடுவில் தூறல் சத்தம் வரும். இது போன் பாட்டு, மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். இது கைதட்டுப் பாட்டு. இது நம்முடைய கயிற்றுப் பாட்டு. கயிற்றுப் பாட்டைத்தான் பாடினாள். தமிழ்ப் பாட்டைப் பாடினால் ஒரு வார்த்தை மாறினாலும் யாராவது திருத்துவார்கள். சுருதி இல்லை என்பார்கள். தணிகைவேல்கூட, நல்ல மனுஷன், அவள் புருஷன், ஒருதரம் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு விளையாட்டாக, “சரணத்தை முழுங்கிட்டியேமே” என்றான். இந்தப் பாட்டில் யாரும் அவளைப் பிடிக்க முடியாது. அவள் பாடுவதுதான் வார்த்தை. பிள்ளையும் அவள் நெஞ்சில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, இமைகூட ஆட்டாமல் இருந்து, அப்படியே தூங்கிப்போவான். உலகத்தில் அவளுடைய குரலை இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை.

கேட்டானா? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் போய்ச் சிக்கிக்கொள்கிறது. தீபாவளியன்று இவன் முதுகுக்குப் பின்னால் அணுகுண்டு வெடித்தது, தெரு நாயெல்லாம் ஓடியது, இவன் பட்டாசுப் பெட்டியின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “பாத்தியாடி என் பேரனை! பயமே கிடையாது, எங்க மாமனாரு மாதிரி” என்று அத்தை பச்சையம்மாள் தூக்கிச் சுற்றினாள். அம்சவேணி அவன் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அவனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்த்தாள். திரும்பினான். அப்பாடா என்று அள்ளிக்கொண்டாள். அப்புறம் தோன்றியது, தரை அதிர்ந்ததே, அதனால் இருக்குமோ? மெத்தைமேல் உட்காரவைத்துக் கைதட்டிப் பார்த்தாள். திரும்பவில்லை. மறுபடி தட்டினாள், திரும்பினான். நிழல் பட்டிருக்குமோ? காற்று பட்டிருக்குமோ? இல்லை, விளையாட்டு மும்முரத்தில் முதல் தடவை கவனிக்கவில்லையோ? இப்படியே எத்தனை நாள். லைனில் சொல்லித்தருவார்கள், தப்பு எங்கே என்று தெரியவேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று. பாட்டு, தட்டு, நெஞ்சுச் சூடு, மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தாள் பிள்ளைக்கு. எதனால் தூங்குகிறான்? பாடாமல் தட்டிப் பார்த்ததுண்டு, இப்போது போலவே, தூங்கமாட்டான். அது சரி. அணைக்காமல், தொடாமல், தள்ளி உட்கார்ந்து பாடிமட்டும் பார்த்தாளா? அதை மட்டும் செய்யவில்லை. செய்யத் துணியவில்லை. அத்தை சொல்வது வேறு. “காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. ஒண்ணே முக்கால் வயசுப் புள்ளை அம்மான்னு ஒரு சொல்லு சொல்லல, ஏன் சொல்லல? கண்ணே மணியேன்னு தமிழ்ல நாலு வார்த்தை காதுல போட்டாத்தானே சொல்லும்! எவளோ சீனாக்காரி பாட்டைப் பாடிப் பாடி புள்ளை வாயைக் கட்டிட்டா.” “சீனா இல்ல அத்தை, ஜப்பான்.” “எந்தக் கண்றாவியோ!” அப்படியும் இருக்குமோ என்று ஒரு மாதம் பாடாமல் இருந்து பார்த்தாள். பிள்ளை தூக்கமில்லாமல் அழுது அழுது தொண்டை கட்டியதுதான் மிச்சம். ரயிலில் வரும்போதெல்லாம் ஒரே யோசனை. பிள்ளைக்குக் காது கேட்கிறது என்றால் குற்றம் பாட்டின்மேல், தன்மேல், அத்தை சொன்னதுதான் சரி. பாட்டின்மேல் குற்றம் இல்லை என்றால் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. தான் தப்பு செய்தவளாகவே இருக்கட்டும், ஊரே சிரிக்கட்டும், வாய் கட்டியவள் என்றே சொல்லட்டும், சாமி, திருத்தணி முருகா, குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும். அப்படி வேண்டிக்கொண்டே வரும்போது, அரக்கோணத்துக்கு இந்தப் பக்கம், பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே ரயில் ஒன்று அலறிக்கொண்டு போனது. பெட்டியில் இருந்தவர்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். யுகன் அவர்கள் சுளிப்பதைப் பார்த்துத் தானும் அதேபோல் சுளித்துக் காட்டிச் சிரித்தான்.

“ரூமை மூடப் போறாங்கமே” என்றாள் மும்தாஜ். “யாருக்கு வெக்கப்படுற? இங்க குந்தினு இருக்கிற புள்ளைங்க பாதிக்குக் கேக்காது. மீதி நாங்க. நாங்க இன்னா பாட்டுக் கச்சேரி கேக்க வந்தோமா?” அம்சவேணி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்துப் பிள்ளையின் தலைக்கும் தன் வாய்க்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். முதல் அடி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது அடியில் குரல் வந்தது. யாரோ திரும்பினார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. திரும்பட்டும். மூன்றாவது அடி, அந்த ஏறுகிற இடம். கடலோர ரோடு, அவள் கடலைப் பார்த்ததே ஒருதரம்தான், மெரினாவில், தணிகைவேல் சோளம் வாங்கிக்கொடுத்தான், காற்றில் வந்த மணல் பல்லில் நறநறத்தது. அந்தக் கடலையே கொண்டுவந்து ஜப்பானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யுகனின் உடம்பு அவள்மேல் கனத்தது. ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. கன்னம் நெஞ்சுக்குழிக்கு நேரே வந்து பொருந்தியது, அதற்கென்று அங்கே ஒரு பள்ளம் இருக்கிற மாதிரி. “எந்த ஊருப் பாட்டுமே அது? நல்லாருக்கு” என்று பின்னாலிருந்து மும்தாஜ் கேட்டது காதில் விழுந்தும் நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே எழுந்தாள், பாடிக்கொண்டே பெனிட்டா மேடத்தின் பின்னால் போனாள். சுவரெல்லாம் பஞ்சுமெத்தை ஒட்டிய சின்ன ரூம். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது. தன் குரல் தனக்கே யாரோ காதுக்குள் பாடுவதுபோல் கேட்டது. பிள்ளையைக் கட்டிலில் விட்டாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசையைத் தேய்த்து ஒயரை ஒட்டினார்கள். காதில் ஒயர் கோத்த சின்னப் பஞ்சைச் செருகினார்கள். “போதும்மா, இனிமே பாடாதீங்க. தொடாதீங்க. அப்படித் தள்ளி உக்காருங்க.”

தள்ளி உட்கார்ந்தாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடிக்கடியில் வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் கோடுகள் நடுங்கி நடுங்கி ஓடின. முதலில் எதுவும் கேட்கவில்லை. மேடம் ஒரு பட்டனைத் தட்டினாள், கொஞ்சம் பொறுத்தாள், மறுபடி தட்டினாள். அப்புறம் எங்கேயோ சுவர்க்கோழி கத்துகிற மாதிரி மெல்ல ஒரு டிக் டிக் டிக். பூச்சி ஏதாவது ரூமுக்குள் வந்துவிட்டதா என்று மூலையில் பார்த்தாள். மேடம் இன்னொரு தடவை தட்டினாள். பூச்சி பெரிதானது. அது மூலையிலிருந்து வரவில்லை, யுகனின் காதில் செருகிய பஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. இத்தனை தள்ளி உட்கார்ந்திருக்கிற தனக்கே வெளியே கசிந்து கேட்கிறது என்றால் உள்ளே எப்படி இருக்கும்? மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். எழுந்திருடா. முகத்தைச் சுளியடா. மருந்தைத் துப்பினாயே, அப்படி ஒரு முகம் காட்டடா. டெஸ்ட் கெட்டாலும் கெடட்டும், அடுத்த மாதம் வருவோம், அத்தை காலில் விழுந்தாவது வருவோம். மேடம் இன்னும் ஒரு தடவை தட்டினாள். டிக் டிக் டிக். அவன் வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. இமைமயிர்கூட அசையவில்லை. கோடுகளில் மலையோ பள்ளமோ எதுவோ வரவேண்டும் என்று மேடம் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தாள். மேடத்தின் தோள் கொஞ்சம் இறங்கியது. மறுகாதுக்கு மாற்றினாள். அங்கேயும் பூச்சி சின்னதாய்த் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போனது. அம்சவேணி திரையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் திரும்பி, “டாக்டர் விவரமா சொல்லுவாங்கம்மா. சின்ன வயசுலயே கூட்டிட்டு வந்துட்டீங்க, அது நல்லது. மிஷின் வெச்சு, பேச்சுப் பயிற்சி கொடுத்து, எல்லாம் செய்யலாம்” என்றாள். அவள் சரிங்க மேடம் என்றாள். குரல் எப்போதும்போல்தான் வந்தது. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது தணிகைவேல் போன் செய்தான். லோடு ஏற்றிக்கொண்டிருப்பான், பின்னால் ஆள் கத்துகிற சத்தம். “இன்னா சொன்னாங்கமே?” “கேக்கலங்க.” “சுத்தமாவா?” “ரெண்டு காதும். மிஷின் வெச்சா வருமாம், ஆபரேஷன் செய்யணுமாம், இப்பவே வந்தது நல்லதாம்.” பின்னால் யாரோ, யோவ் தணிகா, கயித்த இறுக்குயா என்று கத்தினார்கள். “சரி. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத. சாப்டியா?” “ம்.” “பொய் சொல்லாத. எதனா வாங்கித் துன்னு.” வைத்துவிட்டான். அந்தப் பாட்டுமேல் தப்பில்லை என்றும் அத்தையிடம் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லி எதற்கு? பாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இத்தனை நாளும் இவள் தனியாகத்தான் பாடியிருக்கிறாள். மழைப் பாட்டு, போன் பாட்டு, எல்லாம் சுவருக்குப் பாடியது. மும்தாஜ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், எதுவும் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். “எங்க பொண்ணும் இப்படித்தான்மே இருந்துச்சு. மிஷின் வெச்சு ஒரு வருஷம் தொண்டத் தண்ணி வத்த வத்தப் பேசிப் பேசிப் பழக்குனோம். இப்ப அது வாயை மூடுறதுக்கு ஒரு மிஷின் இருக்கான்னு தேடினு இருக்கோம்” என்றாள். அம்சவேணிக்குச் சிரிப்பும் வந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் யுகன் விழித்துக்கொண்டான்.

விழித்தவன் அழவில்லை. நெற்றியில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது, அதை அவள் தோளில் தேய்த்தான். கொஞ்ச நேரம் அவள் நெஞ்சில் கன்னத்தை வைத்துக் காத்திருந்தான். அங்கே ஒன்றும் வரவில்லை. தலையை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு, இதற்குமுன் அவன் செய்து அவள் பார்த்ததே இல்லை, தன் வாயைக் கொண்டுவந்து அவளுடைய கழுத்துக்குக் கீழே காறையெலும்பின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு “ம்ம்ம்ம்” என்றான். நீளமாக, கனமாக, மூச்சுத் தீரும்வரை. மெட்டு இல்லை, ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை, வண்டு மாதிரி ஒரே சத்தம். எலும்பு வழியாக அது உள்ளே இறங்கியது, தோளுக்குப் போனது, பல்லுக்கு வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுவா? இதுவாடா இத்தனை நாளும் உனக்கு வந்துகொண்டிருந்தது? காருமில்லை, கடலுமில்லை, ரிட்சுகோவும் இல்லை, இந்த நடுக்கம் மட்டுமா? இதைக் கேட்டா கண் அசையாமல் இருந்தாய்? அவன் நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். எச்சில் அவள் எலும்பின்மேல் குளிர்ந்தது. அவள் அவனை இறுக்கி அணைத்து, அவன் உச்சந்தலையில் உதட்டை வைத்து “ம்ம்ம்ம்” என்றாள். சத்தமாக, வராந்தா முழுக்கக் கேட்கும்படி. அவன் அசையாமல் அதை முழுக்க வாங்கிக்கொண்டான். அவள் மூச்சு முடிந்தது. அவன் சிரித்து, மறுபடி எலும்பில் வாயை வைத்து, இந்தத் தடவை கொஞ்சம் குட்டையாக ஒன்று சொன்னான், அதற்குப் பின்னால் இன்னும் குட்டையாக இன்னொன்று. சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“அம்மாவும் புள்ளையும் இன்னாமே பேசிக்கிறீங்க?” என்றாள் மும்தாஜ்.

அம்சவேணி குனிந்து அவன் உச்சந்தலையில் உதட்டை வைத்தாள். அவள் முறை வந்திருந்தது.